கொலுவுக்கு வந்தவர்களின் கள்ள ஓட்டு

காலையில் காபி டம்ளரும் கையுமாக உட்கார்ந்து, ஊரில் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஃபோனில் பார்ப்பது சில வருஷங்களாக என் வழக்கமாக இருந்தது. பேப்பர் இல்லை. திருச்சி, ஸ்ரீரங்கம், சுற்றுவட்டாரத்துக்காரர்களுக்கென்று நடந்த ஓர் இணையதளம். யார் வேண்டுமானாலும் தங்கள் தெருச் சமாசாரத்தை எழுதலாம். படிப்பவர்களுக்குப் பிடித்தால் மேல்நோக்கி ஓர் அம்பு, பிடிக்காவிட்டால் கீழ்நோக்கி ஓர் அம்பு. மேல் அம்பு நிறைய விழுந்தது முதல் பக்கத்துக்கு வரும். கீழ் அம்பு விழுந்தது அடியில் போய்ச் சேரும். எங்களுக்கு எடிட்டர் கிடையாது, ஜனங்கள்தான் எடிட்டர் என்று முகப்பில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். அந்த வரியை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதில் நான் மாடரேட்டர். சம்பளமில்லாத வேலை. கெட்ட வார்த்தை எழுதுகிறவர்களைப் பற்றி நான் ஓயாமல் புகார் அனுப்பிக்கொண்டிருந்தேன். தளத்தை நடத்துகிறவர் வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நம்மூர்க்காரர். என் தொல்லை தாங்காமல், "நீங்களே பாத்துக்குங்களேன் மேடம்" என்று சாவியை என் கையிலேயே கொடுத்துவிட்டார். வசவுகளை நீக்குவது, வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம் விளம்பரங்களைத் துரத்துவது, பதில்கள் விழுந்து சங்கிலியாக நீண்டுவிட்ட கருத்துகளை அழிப்பது. இந்தக் கடைசிக் காரியத்தை மாடரேட்டர்தான் செய்ய முடியும். பதில் வந்த பிறகு எழுதினவரே நினைத்தாலும் தன் கருத்தை எடுக்க முடியாது. தில்லைநகரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் அடுத்தவர் கணக்கில் தப்புக் கண்டுபிடிப்பது என் பிழைப்பு. அதே புத்தியோடு இதையும் செய்தேன். பிடித்துத்தான் செய்தேன்.

அந்தத் தளத்துக்கு ஊரில் ஒரு மரியாதையும் இருந்தது. எங்கள் ஸ்ரீரங்கம் தெருவில் எரியாமல் கிடந்த விளக்கைப் பற்றி ஒருவர் எழுதி, அது முதல் பக்கத்துக்கு வந்ததும், ஆளும் ஏணியுமாக வந்து மாற்றிவிட்டுப் போனார்கள். முதல் பக்கத்தை வார்டு ஆபீசில் படிக்கிறார்கள் என்று ஊருக்கே தெரிந்துபோனது. அதற்கப்புறம் யார் என்ன குறை சொன்னாலும், "அதுல போடுங்க" என்பேன்.

என் அக்காவிடமும் அதைத்தான் சொன்னேன்.

அக்கா வீடு திருவானைக்காவலில். அங்கே கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். கோயிலில் சாமியே தண்ணீருக்குள் இருக்கிற ஊர். அக்கா வீட்டு போர்வெல் தண்ணீரில் அத்தனை காலமும் பருப்பு குழைய வெந்தது. பின் தெருவில் புதிதாக ஒரு லாட்ஜ் கட்டினார்கள். அது திறந்து சில மாதங்களில் தண்ணீரில் சோப்பு நுரை மாதிரி வர ஆரம்பித்தது. பிறகு நாற்றம். லாட்ஜின் கழிவுநீர்க் குழி சரியாகப் பூசப்படாமல் பூமிக்குள் இறங்குகிறது என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கினார்கள். ஆனால் பல் தேய்க்கவும், பாத்திரம் கழுவவும், காய் அலசவும் கேனுக்கு எங்கே போவது? காலேஜில் கடைசி வருஷம் படிக்கும் அக்கா மகளுக்கு டைபாய்டு வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து, தேறி, வீட்டுக்கு வந்து, மறுபடி ஜுரம். "மருந்து நான் தரேன், தண்ணிய யாரு மாத்தறது?" என்று டாக்டர் அக்காவையே கோபித்துக்கொண்டார். வீட்டை விட்டுப் போகச் சொல்கிறாரா? வங்கிக் கடன் போட்டுக் கட்டின சொந்த வீடு. போக இடம் இல்லை.

"ஏண்டி, உன் கம்ப்யூட்டர் பஞ்சாயத்துல போட்டா ஏதாவது நடக்குமா?" என்று அக்கா கேட்டாள்.

"நடக்கும்க்கா. உள்ளது உள்ளபடி எழுது. போட்டோ போடு. யாரையும் திட்டாதே."

அக்கா அப்படியே எழுதினாள். கண்ணாடி டம்ளரில் பிடித்த தண்ணீரின் படம், பரிசோதனை நிலையத்தில் கொடுத்து வாங்கிய ரிப்போர்ட், மகளின் ஜுரம், எல்லாம். லாட்ஜின் பெயரைக்கூடப் போடவில்லை, பின் தெருக் கட்டடம் என்றுதான் எழுதினாள். காலையில் போட்டது மதியத்துக்குள் முதல் பக்கம். ஆபீசில் என் மேஜையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே தயிர் சாதம் சாப்பிட்டேன். அன்றைக்குச் சாதம் ருசியாக இருந்தது.

சாயங்காலம் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவேரிப் பாலம் தாண்டும்போது திறந்து பார்த்தால் காணோம். தேடிப் பிடித்தேன். அடி ஆழத்தில் கிடந்தது. கீழ் அம்பு மழையாகப் பெய்திருந்தது. அதன் தலையில் சிவப்பாக ஒரு பட்டை: "வாசகர்களால் சந்தேகத்துக்குரியதாகக் குறிக்கப்பட்டது."

கீழே கருத்துகள். "நானும் அதே தெருதான், எங்கள் தண்ணீர் தேன் மாதிரி இருக்கிறது." "ரிப்போர்ட்டே போலி, நன்றாகப் பாருங்கள்." "இந்தப் பெண்மணிக்கு போட்டி லாட்ஜ்காரர் எவ்வளவு கொடுத்தார்?" "பெண்ணுக்கு டைபாய்டாம், ஹோட்டலில் ஊர் சுற்றித் தின்றால் வரத்தான் செய்யும்." ஃபோனை மூடி, முன் சீட்டுக் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மா, "என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து மாடரேட்டர் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு பெயராக நோண்டினேன். எனக்குப் பழக்கமான பெயர்கள். அதுதான் வயிற்றெரிச்சல். மாதக்கணக்காகக் கோபுரப் படமும் "இனிய காலை வணக்கம்" என்ற வாசகமும் போட்டு வந்த பெயர்கள். சனிக்கிழமையானால் துளசி மாலை, பிரதோஷமானால் நந்தி. பாவம், பக்திமான்கள் என்று ஊரே மேல் அம்பு கொடுத்தது. நானும் கொடுத்தேன். இந்தத் தளத்தில் நற்பெயர் சேரச் சேர ஓட்டுக்கு எடை கூடும். அப்படி எடை சேர்த்துக்கொண்டு, வேலை வந்ததும் ஒரே நாளில் திரும்பி எங்கள் அக்கா மேல் பாய்ந்திருக்கிறார்கள். பின்னோக்கிப் பார்த்தால் இது முதல் தடவையும் இல்லை. வாய்க்கால் ஓரம் மண் கொட்டுவதைப் பற்றி ஒருவர் எழுதியது, ஒரு டாக்ஸிக்காரர் தன் பக்க நியாயத்தை எழுதியது, எல்லாவற்றையும் இதே கூட்டம்தான் அமுக்கியிருந்தது. லாட்ஜ்காரர் கூலிக்கு வைத்த ஆட்களா, கூலிக்கு இதையே தொழிலாகச் செய்யும் கும்பலா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர்களில் ஒரு மகானுபாவர், தான் ஸ்ரீரங்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர் என்று காட்டிக்கொள்ள, "தினமும் அம்மா மண்டபம் படித்துறையில் கொள்ளிடத்தில் குளித்துவிட்டுத்தான் காபியே குடிப்பேன்" என்று எழுதியிருந்தார். அம்மா மண்டபத்தில் ஓடுவது காவேரி. கொள்ளிடம் ஊருக்கு அந்தப் பக்கம். எங்களூர்ச் சின்னக் குழந்தைகூட இந்தத் தப்பைச் செய்யாது. சிரித்துவிட்டேன். அப்புறம் சிரித்ததற்காகவே கோபம் வந்தது. இப்படி ஒரு ஆள், என் அக்கா பொய் சொல்கிறாள் என்று தீர்ப்பு எழுதியிருக்கிறான்.

தளத்தை நடத்தும் வெளிநாட்டுக்காரருக்கு ஃபோன் போட்டேன். கொள்ளிடத்தைச் சொன்னேன். காலை வணக்கத்தைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், ஆறு மாத்தி எழுதினது குத்தமா? ஓட்டெல்லாம் வேற வேற இடத்துலேந்து, வேற வேற நேரத்துல விழுந்திருக்கு. சிஸ்டத்துக்குப் பாத்தா இயல்பா இருக்கு. நான் எதை வச்சு எடுக்கறது?"

"என் கண்ணை வச்சு எடுங்க."

"உங்க கண்ணு உங்க அக்கா கண்ணு மேடம்."

நியாயமான பேச்சு. அதனால்தான் இன்னும் எரிச்சல். ஃபோனை வைத்துவிட்டேன்.

இதற்கிடையில் நவராத்திரி வந்துவிட்டது. மகள் படுத்திருக்கிற வீட்டில் கொலு வேண்டாம் என்றுதான் அக்கா இருந்தாள். அந்தப் பெண்தான் பிடிவாதமாக, படுத்தபடியே கையைக் காட்டிக் காட்டி, படி கட்ட வைத்தாள். அந்தத் தெருவில் ஒரு வழக்கம். ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு வீட்டில் எல்லாப் பெண்களும் கூடி, பாட்டு, சுண்டல், வெற்றிலை பாக்கு முடித்துவிட்டுத்தான் கலைவார்கள். அக்கா வீட்டு முறை வந்த அன்று, ஆபீஸ் முடிந்து நான் போய்ச் சேர்வதற்குள் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். வாசலில் செருப்புகள் குறைந்துகொண்டிருந்தன. அக்கா முகத்தில் பல நாளுக்குப் பிறகு சிரிப்பு.

"வா வா, உனக்கு ஒரு சந்தோஷச் சேதி. தெருவே ஓட்டுப் போட்டாச்சுடி."

"என்ன ஓட்டு?"

"உன் சைட்லதான். வந்தவங்க அத்தனை பேருக்கும் இவ அக்கவுண்ட் திறந்து கொடுத்துட்டா. எல்லாரும் மேல் அம்பு. சுண்டல் கையில, அம்பு ஃபோன்ல!"

உள்ளே கட்டிலில் அக்கா மகள் தலையணையில் சாய்ந்து, கழுத்தெலும்பு தெரிய, என்னைப் பார்த்துச் சிரித்தாள். "வீட்டுக்குள்ள சிக்னல் எடுக்கல சித்தி. அதனால எல்லாருக்கும் நம்ம வைஃபை கொடுத்துட்டேன்."

பட்டுப்புடவைகளுக்கு நடுவில் தரையிலேயே உட்கார்ந்து ஃபோனைத் திறந்தேன். எல்லாம் முடிந்திருந்தது. ஒரே வீட்டு இணைப்பு, ஒரே சாயங்காலம், புத்தம் புதுக் கணக்குகள், அத்தனையும் ஒரே செய்திக்கு மேல் அம்பு. கள்ள ஓட்டு என்றால் இதுதான் என்று அந்த இயந்திரத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஓட்டுப் போட்ட அத்தனை பெண்களின் கணக்கும் பூட்டப்பட்டுவிட்டது. அக்காவின் கணக்கும் பூட்டு. செய்தியையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கூட்டுச் சதியால் முறைகேடாக வாக்களிக்கப்பட்டது என்று போட்டிருந்தது.

கொலுவுக்கு வருவார்கள், கூடுவார்கள், ஒரு வீட்டில் இருக்கிறதை எல்லாரும் பகிர்ந்துகொள்வார்கள். அது சதியாம். ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து பொய் எழுதினவர்கள் இயல்பானவர்களாம்.

மறுநாள் காலையிலேயே வெளிநாட்டிலிருந்து ஃபோன். "மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க அக்கா வீட்டுலேந்தே நடந்திருக்கு. நீங்க மாடரேட்டரா இருந்தா என்னைத்தான் கேப்பாங்க." என் மாடரேட்டர் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்; அதற்கப்புறம் நான் வெறும் வாசகி.

"அவங்கள்லாம் உசுரோட இருக்கற மனுஷங்க சார். சுண்டல் சாப்பிட்டுட்டுப் போனவங்க. வேணும்னா நீங்க வந்து பாருங்க."

"நான் நம்பறேன் மேடம். அடையாள அட்டையோட முகத்தப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, ஒவ்வொண்ணா திறந்து விடறேன். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்குங்க. நிஜமான ஜனங்கன்னா, அத்தனை பேரும் ஒரே மாதிரியா சொல்ல மாட்டாங்க. கொஞ்சம் பேராவது இல்லைன்னு சொல்வாங்க. சிஸ்டம் அதத்தான் பாக்குது."

படம் அனுப்பச் சொல்லி வீடு வீடாகப் போனோம். ஒருத்தியின் ஃபோன் நம்பர் புருஷன் பெயரில், ஆதார் அவள் பெயரில், நிராகரித்துவிட்டார்கள். மாமியாரும் மருமகளும் ஒரே ஃபோன் வைத்திருந்த வீட்டில் இரண்டில் ஒருவர்தான் இருக்க முடியும் என்று பதில் வந்தது. "நான் நான்தான்னு எவனுக்கோ எதுக்குங்க காட்டணும்?" என்று ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மற்றவர்களின் கணக்குகள், அக்காவுடையது உட்பட, ஒவ்வொன்றாகத் திறந்தன.

தெருவில் பூட்டு விழாத கணக்கு ஒன்றே ஒன்று. எதிர்வீட்டு டீச்சருடையது. ரிட்டயர் ஆன தமிழாசிரியை. அன்றைக்குக் கொலுவில் அக்கா மகள் கணக்குத் திறந்து கொடுத்ததும், "முழுசாப் படிக்காம நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று ஃபோனை மூடி, படிப்பதற்காக வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். படித்து முடிப்பதற்குள் செய்தியே இல்லை.

வார்டு என்ஜினியரை அக்கா நேரில் போய்க் கூப்பிட்டாள். மறுக்காமல் வந்தார், நல்ல மனிதர். அக்கா வழக்கம்போல வந்தவருக்கு முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாள். போர் தண்ணீர். அவர் எடுத்தார், வாயருகே கொண்டு போனார், வைத்துவிட்டார்.

"எனக்கு மூக்கு இருக்கும்மா, தெரியுது. ஆனா அந்த சைட்ல ஜனங்களே பொய்னு ஓட்டுப் போட்டத லாட்ஜ்காரங்க பிரிண்ட் எடுத்து வச்சிருக்காங்க. எங்க போனாலும் அதத்தான் காட்டுவாங்க. மறுபடி போடுங்க. முதல் பக்கத்துல நில்லுங்க. அப்புறம் நான் பாத்துக்கறேன்."

அவர் போய்விட்டார். அந்த டம்ளர் மேஜையிலேயே இருந்தது. அக்கா மகள் உள்ளேயிருந்து சுவரைப் பிடித்து நடந்து வந்து உட்கார்ந்தாள்.

"சித்தி, அவங்க எப்படிப் போட்டாங்களோ அப்படியே நாமளும் போடுவோம்."

எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது. இத்தனை வருஷம் நான் எதைத் துடைத்தேனோ அதை என்னையே செய்யச் சொல்கிறாள். அந்தக் கழுத்தெலும்பைப் பார்த்தேன். பேனா எடுத்துவரச் சொன்னேன்.

தெருப் பெண்களைக் கூப்பிட்டு நானே சொல்லிக்கொடுத்தேன். தணிக்கைக்காரியின் மூளை எதற்கெல்லாம் உதவுகிறது பாருங்கள். பூட்டுத் திறந்த பெண்கள் முதலில் சில நாள் கோபுரப் படமும் காலை வணக்கமும் போட வேண்டும். அப்புறம் செய்தி வரும். யாரும் தெருவிலிருந்து ஓட்டுப் போடக்கூடாது. அரியமங்கலம் பட்டறையில் கணக்கு எழுதுகிறவள் அங்கிருந்து மதியம் போட வேண்டும். வையம்பட்டியில் அம்மா வீட்டுக்குப் போகிறவள் அங்கே போய்ப் போட வேண்டும். ஒருத்தி பஸ்ஸில். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். சொந்தத் தெருத் தண்ணீருக்காகத் திருடர்கள் மாதிரி முறை வைத்துப் பிரிந்து போனார்கள்.

செய்தி மறுபடி ஏறிய அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் கூடினோம், ஒன்றுதான் பாக்கி. யாராவது ஒருவர் இல்லை என்று சொல்ல வேண்டும். அதுவும் ஊரறிந்த பெயராக இருக்க வேண்டும், அப்போதுதான் இயல்பு. வந்திருந்த டீச்சரை எல்லாரும் பார்த்தோம்.

"நான் எழுதித்தான் ஆகணுமா?" என்றார்.

"நீங்க எழுதினா நம்புவாங்க டீச்சர்."

"அதான் கேக்கறேன்."

அக்கா மகள் அவரையே பார்த்தாள். டீச்சர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒற்று, புள்ளி எதுவும் விடாமல் மெதுவாகத் தட்டினார். "இதே தெருவில் நீண்ட காலமாக வசிக்கிறேன். எங்கள் வீட்டுத் தண்ணீரில் எந்தக் குறையும் இல்லை." அனுப்பிவிட்டு, எங்களிடம் சொல்லிக்கொள்ளாமலே எழுந்து போனார்.

செய்தி முதல் பக்கத்தில் நின்றது. சிவப்புப் பட்டை விழவில்லை. என்ஜினியர் சொன்னபடி ஆட்களோடு வந்தார், லாட்ஜ் குழியைத் திறந்து பார்த்தார்கள், மூட வைத்தார்கள், புதிதாகப் பூச வைத்தார்கள். போர் தண்ணீர் தெளிய மாதங்களாகும் என்றார்கள். அதுவரைக்கும் மாநகராட்சி லாரி வருகிறது. அக்கா மகளுக்கு ஜுரம் மறுபடி வரவில்லை. காலேஜ் போகிறாள். சந்தோஷப்பட வேண்டியதுதான். படுகிறேன்.

ஆனால் அந்தக் கும்பல் சும்மா இருக்குமா? செய்தியை அமுக்க முடியவில்லை என்றதும் டீச்சரின் கருத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அத்தனை மேல் அம்பும் அதற்கு. "உண்மையைச் சொன்ன ஒரே ஒருவர்", "ஆசிரியர் என்றால் இப்படி இருக்க வேண்டும்", "அம்மாவுக்குத் தலைவணங்குகிறோம்" என்று பதில் மேல் பதில். செய்தியைத் திறந்தால் முதலில் தெரிவது டீச்சரின் பெயரும் அந்த இரண்டு வரியும்தான். பதில்கள் விழுந்துவிட்டதால் டீச்சரே நினைத்தாலும் அதை எடுக்க முடியாது. அவரிடம் படித்தவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். "டீச்சர், லாட்ஜ்காரங்க உங்களுக்கு வேண்டியவங்களா?" என்று ஒரு பழைய மாணவி ஃபோனிலேயே கேட்டாளாம்.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போனபோது, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற டீச்சர் என்னைப் பார்த்ததும் வரிசையை விட்டு வந்தார். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, ஃபோனை என்னிடம் நீட்டினார்.

"வேலைதான் முடிஞ்சிடுச்சேம்மா. நான் எழுதினத எடுத்துடேன். நீதான் அதுக்கெல்லாம் இருக்கியாமே."